பதினோரு நாள்

5 அக்டோபர் 2008, ஞாயிறு

சிப்பாய்களிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றது கூடப் பரவாயில்லை. அவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே!

தென் கொரியாவின் உய்ஜொங்பு நகராட்சி மைதானத்தில் ஞாயிறுதோறும் காலையில் நடக்கிற இந்தக் கூத்துக்கு நட்பு ஆட்டம் என்று பெயர். ஒரு பக்கம் முகாமிலிருந்து வரும் அமெரிக்கச் சிப்பாய்கள், மறுபக்கம் டியூஷன் சென்டர்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் நாங்கள். முப்பத்தேழு வயதில் என்னால் ஓட முடியாது என்று கோல்கீப்பர் ஆக்கிவிட்டார்கள். அதனால் எல்லா நக்கலும் முதலில் என் காதில்தான் விழும்.

"டீச்சரம்மா, சொந்த ஊர்ல ஒருத்தனும் வேலை தரலையா? ஏ ஃபார் ஆப்பிள் சொல்ல இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க!"

நம்ம டெக்லன் விடுவானா? அயர்லாந்துக்காரன் வாய். "உனக்குப் படிப்பு ஏறல, துப்பாக்கிய தூக்கிட்டு வந்துட்ட. நாங்களாச்சும் யாரையும் சுடல."

ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஏன்? வெள்ளைத் தோலைக் கண்டால் முகாம் ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிப்பாய்கள் குடித்துவிட்டுச் செய்கிற கூத்துக்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்? நான் வேல்ஸ்காரி. அமெரிக்காவில் கால்கூட வைத்ததில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

இன்று எல்லாம் எல்லை மீறிவிட்டது.

இரண்டாம் பாதி. என் கோலுக்கு முன்னால் டெக்லனை ஒருவன் இடறிவிட்டான். டெக்லன் எழுந்து கெட்ட வார்த்தை சொன்னான். அவர்கள் ஓடிவந்தார்கள், நம் ஆட்கள் ஓடிவந்தார்கள். விசில் ஊதிக்கொண்டே நடுவர் தாக் சார் நடுவில் புகுந்தார். ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், அறுபத்தாறு வயது, எங்களுக்காகச் சும்மா வந்து நடுவராக நிற்கிறவர். யாரோ தள்ளினார்கள். கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், போலீஸ்.

பீச்சம் என்கிற சிப்பாயைப் பிடித்துப் போனார்கள். லமான்ட் பீச்சம். அவர்களுடைய அணியிலேயே உயரமானவன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

மிருகங்கள். ஒரு கிழவர் மேல் கை வைக்கிறார்களே.

13 அக்டோபர்

யாரோ என்று எழுதியிருக்கிறேன்.

14 அக்டோபர், செவ்வாய்

யார் படிக்கப் போகிறார்கள் இதை? இங்கேகூடப் பொய்யா?

நான் பார்த்தேன். இரண்டு கெஜ தூரம். எனக்கும் அவர்களுக்கும் நடுவே வேறு யாருமில்லை. தள்ளியது டெக்லன். பீச்சமைத் தள்ளத்தான் கையை ஓங்கினான், தாக் சார் குறுக்கே வந்துவிட்டார். அது விபத்து. ஆத்திரத்தில் நடந்த விபத்து. யாருக்கும் நடக்கும்.

ஆனால் அதற்கு அப்புறம்? தாக் சார் தரையில் கிடக்க, டெக்லன் கையை நீட்டி, "அவன்தான்! அந்தத் தடியன்தான் தள்ளினான்!" என்று கத்தினானே — அது விபத்து இல்லை. உடனே பத்துப் பேர் "ஆமா, அவன்தான்" என்றார்கள். அதில் எட்டுப் பேர் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார்கள். என்னத்தைப் பார்த்தார்கள்? உயரமானவன், சிப்பாய், கறுப்பன். போதாதா? போலீஸ்காரருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் எனக்கு நிமோனியா வந்தபோது பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவன் டெக்லன். அதையும் எழுதி வைக்கிறேன். நியாயம் பேசுவதென்றால் எல்லாவற்றையும்தானே பேச வேண்டும்.

16 அக்டோபர், வியாழன்

டாம்சின் எல்லோரையும் காபிக் கடைக்கு வரச்சொன்னாள். எங்கள் அணியின் தலைவி அவள்தான், லண்டன்காரி, எதற்கெடுத்தாலும் மனு எழுதுவாள். இப்போது நகராட்சிக்கு எழுதியிருக்கிறாள். ஒழுக்கமற்ற வெளிநாட்டுச் சிப்பாய்களால் ஊருக்கு ஆபத்து, இனி அவர்களை மைதானத்தில் விடக்கூடாது என்று. பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து டெக்லனுடையது! பேனாவைப் பிடித்த கை கொஞ்சம்கூட நடுங்கியிருக்காது போலிருக்கிறது, அவ்வளவு அழகான கையெழுத்து.

"கிளெனிஸ், உன்னோடது மட்டும்தான் பாக்கி" என்றாள் டாம்சின்.

"கொரிய மொழியில ரெண்டு தப்பு இருக்கு. திருத்திட்டுப் போடறேன்" என்றேன்.

திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன். பெரிய வீராங்கனை! அநியாயத்துக்கு இலக்கணப் பிழை திருத்திக் கொடுத்தவள்.

19 அக்டோபர், ஞாயிறு

ஆட்டம் இல்லை. சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் அணியை நடத்தும் சார்ஜென்ட் ஓச்சோவா எதிரே வந்தாள். இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "உங்க பந்து", "எங்க பந்து" அவ்வளவுதான்.

"பீச்சம் முகாம விட்டு வெளிய வர முடியாது, மேடம். விசாரணை நடக்குது. அடுத்த மாசம் வரவேண்டிய பதவி உயர்வையும் நிறுத்திட்டாங்க. அவன் மருத்துவப் பிரிவு. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடறதுதான் அவன் வேலையே. அவன் போய் ஒரு பெரியவர் கைய ஒடிப்பானா?"

நான் முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூடவா பாக்கல?"

"கூட்டமா இருந்துச்சு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவங்க நீங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். வீடு வரும் வரை எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். எதற்கு அவள் மேல் கோபம்?

21 அக்டோபர், செவ்வாய்

பேரிக்காய் வாங்கிக்கொண்டு தாக் சார் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு இடது கையால் பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். தடுத்தும் கேட்கவில்லை.

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க, டீச்சர். ஒரு உதவி வேணும். முகாம்லேருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சு அர்த்தம் சொல்லுங்க."

பீச்சம் கையால் எழுதியது. ஒவ்வொரு வரியாக வாசித்துக் கொரிய மொழியில் சொன்னேன்.

"ஐயா, நான் உங்களைத் தள்ளவில்லை. ஆனால் நீங்கள் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றேன். உங்கள் மணிக்கட்டு முறிந்தது அப்போதே தெரிந்தது. அசையாமல் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தொட்டால் பழி என் மேல் வந்துவிடுமோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொடாமலேயே வந்துவிட்டது. கட்டாமல் நின்றதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை. நீங்கள் நல்ல நடுவர்."

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப எனக்குள் வாசித்தேன். சொல் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நிதானமாகக் காத்திருந்தார்.

"பின்னாலேருந்து தள்ளினாங்க, முகத்தப் பாக்கல" என்றார். "எல்லாரும் அவன்தான்னாங்க, நானும் சரின்னுட்டேன். ஆனா ஒம்பது நாளாச்சு டீச்சர், இவ்ளோ பேர் விளையாடினீங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதினவன் இவன் ஒருத்தன்தான்."

பேரிக்காயை வைத்துவிட்டு வந்தேன். பேரிக்காய்! வெட்கமா இல்ல எனக்கு?

22 அக்டோபர், புதன்

டெக்லனிடம் நேரிலேயே சொன்னேன், வகுப்பு முடிந்ததும், சாக்பீஸ் தூசியோடு.

"நீயே போய்ச் சொல்லிடு. நாளைக்கு வரைக்கும் நேரம்."

முதலில் சிரித்தான். அப்புறம் முகம் வெளுத்துவிட்டது. "உனக்குப் பைத்தியமா? எனக்கு விசா போயிடும். ஏப்ரல்ல கல்யாணம். யூன்-ஜு வீட்டுல என்னைய ஏத்துக்கவே மூணு வருஷம் ஆச்சு, தெரியுமில்ல?"

"அந்தப் பையன்?"

"அவனுக்கென்ன? பின்னாடி ராணுவமே நிக்குது. வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க. எனக்கு யாரு இருக்கா? நமக்கு யாரு இருக்கா, கிளெனிஸ்? ஒரு காகிதம் போச்சுன்னா பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் யாருமில்லைதான். அதனால்? பின்னால் ஆள் இருக்கிறவன் தலையில் நம் பாவத்தைக் கட்டிவிடலாமா? ராணுவம் பின்னால் நிற்கிறதாம். பதவி உயர்வை நிறுத்தி, அடைத்து வைத்து, அதுதான் பின்னால் நிற்கிற லட்சணமா?

"கஞ்சி கொண்டுவந்தேனே" என்றான் கடைசியில். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

23 அக்டோபர், வியாழன்

போலீஸ் ஸ்டேஷன். சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

27 அக்டோபர், திங்கள்

வெள்ளிக்கிழமை டெக்லனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டானாம்.

இன்று ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. டாம்சின் மட்டும் எழுந்து வந்தாள்.

"நம்ம ஆளக் காட்டிக்குடுத்துட்டு உனக்குச் சோறு இறங்குதா?"

"நம்ம ஆளுன்னா யாரு?" என்றேன்.

"அவனுங்க உன்னைய என்னல்லாம் சொல்லியிருக்கானுங்க! மறந்துட்டியா? ஒரு நல்லவன் வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியே, எதுக்கு? ஒரு சிப்பாய்க்காக!"

ஒரு சிப்பாய்க்காக. ஒரு மனுசனுக்காகன்னு சொல்ல நாக்கு வரல அவளுக்கு. போராட்டம், மனித உரிமை என்று நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு திரிகிறவள்! காபியைக் கொட்டிவிட்டேன். துடைக்க ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

2 நவம்பர்

ஞாயிறு முழுவதும் ஒரு போன்கூட வரவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

நூடுல்ஸ் கடையில் பீச்சம். தனியாக உட்கார்ந்திருந்தான். வெளியே விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் அவன் மேஜைக்குப் போனேன். நண்பர்கள் போய், வேலையிடத்தில் நிம்மதி போய், அது ஒன்றாவது கிடைக்கட்டுமே என்று.

"பதினோரு நாள், மேடம்" என்றான்.

"என்ன?"

"நீங்க வாயத் திறக்க பதினோரு நாள் ஆச்சு. அவர் விழுந்தப்போ நீங்க டெக்லனப் பாத்தீங்க, அப்புறம் என்னையப் பாத்தீங்க. நீங்க பாத்தத நான் பாத்தேன். அதனால போலீஸ் கூட்டிட்டுப் போனப்பக்கூட எனக்குப் பயமில்ல. அந்த டீச்சர் சொல்லிடுவாங்கன்னு இருந்தேன். முதல் ரெண்டு நாள் நல்லாவே தூங்கினேன்."

கத்தவில்லை. அதே மரியாதையோடு நின்றுகொண்டே சொன்னான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "வந்தேன்ல? சொன்னேன்ல? என் ஆளுங்க எல்லாரும் என்னைய ஒதுக்கி வெச்சிருக்காங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அது கஷ்டம்தான்" என்றான். "ஆனா அதுக்கு நான் என்ன பண்ணட்டும், மேடம்?"

அவன் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். திமிர் பிடித்தவன். நன்றி கெட்டவன்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்க்கிறேன்.

28 நவம்பர், வெள்ளி

தாக் சார் சமாதானமாகப் போகச் சம்மதித்துவிட்டார். டெக்லன் அவர் வீட்டுக்குப் போய் மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டானாம். ஆனாலும் டியூஷன் சென்டர் அவனை நிறுத்திவிட்டது. விசாவும் போயிற்று. இன்று கிளம்பினான். யூன்-ஜுவும் கூடவே போகிறாள். விமான நிலையத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அவன் இல்லாமல் ஆசிரியர் அறை வெறிச்சென்று இருக்கிறது. இதை எழுத எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. நகராட்சி டாம்சினின் மனுவுக்கு முடிவு சொல்லிவிட்டது. மைதான வாசலில் பலகை: வெளிநாட்டவர் அணிகளுக்கு இனி அனுமதி இல்லை. சிப்பாய்க்கும் இல்லை, டீச்சருக்கும் இல்லை.

"இது அநியாயம்! நம்மளையும் அவங்களையும் ஒண்ணாவா பாக்கறாங்க?" என்று குதித்தாள் டாம்சின். ஒரு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஆம் டாம்சின், ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். பேருந்தில் ஒன்பது வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

29 மார்ச் 2009, ஞாயிறு

சார்ஜென்ட் ஓச்சோவா போன வாரம் கூப்பிட்டாள். முகாமுக்குள் ஒரு மைதானம் இருக்கிறதாம். ஆனால் வெளியாள் எவரையும் ஒரு சிப்பாய் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டும். "வர்றீங்களா, வீம்பா?" என்றாள். எல்லோரும் வந்தார்கள். டாம்சினும்தான்.

வாசலில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். குளிர் காற்று. எங்களோடு தாக் சாரும் நின்றார், கழுத்தில் விசிலோடு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் நிற்கலாம், வந்தேறிகள். அவர் பிறந்த ஊர் இது. அவர் ஊரில் ஓரிடத்துக்குள் கால் வைக்க, கடல் தாண்டி வந்த ஒருவன் அவருக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். காவலாளிச் சிப்பாயிடம் கேட்டே விட்டேன்.

"ரூல்ஸ், மேடம்" என்றான்.

"விடுங்க டீச்சர். வந்தது ஆட்டத்துக்கு" என்றார் தாக் சார்.

உள்ளேயிருந்து பீச்சம் வந்தான். சட்டையில் பதவி உயர்வின் புதுப் பட்டை தைத்திருந்தது. தாக் சாருக்குக் குனிந்து வணக்கம் வைத்தான். அவருடைய வலது கையை இரண்டு கையாலும் வாங்கி, மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தான். வரிசையே காத்திருந்தது. அப்புறம்தான் படிவத்தில் அவர் பெயரை எழுதினான்.

"உன் பேர்ல இன்னும் ஒருத்தரச் சேக்கலாம்" என்றான் காவலாளி.

பீச்சம் வரிசையைப் பார்த்தான். எனக்கு முன்னால் டாம்சின் இருந்தாள்.

"அவங்க" என்று என்னைக் காட்டினான்.

என் பாஸ்போர்ட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி நிரப்பினான். உறவுமுறை என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு 'எதிரணி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். சிரிக்கவில்லை.

அனுமதி அட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நடந்தேன்.