பீடத்துணியின் இரண்டு முனை

செப்டம்பர் 4, வெள்ளி
கோயிலில் சாமியார் பூசை வைக்கும் பீடத்துணியைத் துவைத்துத் தேய்க்கும் முறை இந்த மாதம் எனக்கு. கூட யார் என்று பார்த்தால் – என் ஓரகத்தி! வேறு ஆள் கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே உயரம், துணி கோணாம வரும்” என்கிறார் சிஸ்டர். உயரம் பார்த்தா ஜோடி சேர்ப்பது?

என் வீட்டுக்காரர் சவப்பெட்டிக்குள் கிடந்த அன்று, “இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே” என்று சொன்ன வாய் அது. அன்று அவள் கட்டியிருந்த சாம்பல் நிறச் சேலை, தோளில் துருப்பிடித்த ஊக்கு, எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் பூசையில் நன்மை அப்பம் வாங்க நான் எழுந்து போவதில்லை. இவளை நெஞ்சில் வைத்துக்கொண்டு எந்தக் கையை நீட்டி ஆண்டவரை வாங்குவது?

செப்டம்பர் 5
“கையில இருக்கிற வேலையில மனசை வைங்கம்மா. ஆண்டவர் இப்போ, இங்கதான் இருக்கார்” என்றார் சிஸ்டர். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

செப்டம்பர் 11, வெள்ளி
ஈரத்துணியை ஆளுக்கொரு முனை பிடித்து ஒன்றாக இழுக்க வேண்டும். என் நினைப்பு அந்தப் பெட்டியடிக்குப் போய்விட்டது. துணி கோணிக்கொண்டது.

“அக்கா, துணி இங்க இருக்கு. நீங்க எங்க போயிட்டீங்க?”

“நீ என்னைப் பேசின இடத்துக்கு.”

சண்டைக்கு வரவில்லை. மறுபடி தண்ணீர் தெளித்தாள்.

எழுத மனசில்லை, ஆனாலும் பொய் எழுதக் கூடாது: அவள் தேய்ப்பது அழகு. வாய் ஓயாத பொம்பளை, துணி முன்னால் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறாள். ஓரத்துச் சிலுவைத் தையலை விரலால் தடவி, நசுங்காமல் பின்பக்கமாகத் தேய்க்கிறாள். அந்த நேரம் அவளுக்கு அதைவிட்டால் உலகமே இல்லை. செபம் என்றால் இதுதானோ? நான் முழங்காலில் இருந்துகொண்டே ஊர் சுற்றுகிறவள்.

செப்டம்பர் 14
பாத்திரம் கழுவும்போது பாத்திரம் மட்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது தட்டிலேயே மனசுக்குள் வந்து நின்றாள், சாம்பல் சேலையோடு!

செப்டம்பர் 18, வெள்ளி
இன்று அவள் முகத்தை விட்டுக் கையைப் பார்த்தேன். அவள் இறுக்கினால் நானும் இறுக்கினேன். துணி நூல் பிடித்த மாதிரி நின்றது. மடிக்க மடிக்க இருவரும் கிட்டே நடந்து வர வேண்டும். கடைசி மடிப்பில் விரல்கள் பட்டன.

“அக்கா, அன்னிக்கு நான் பேசினது...” அவள் பிடி தளர்ந்தது.

“மடிப்பு கலையுதுடீ, புடி!”

சிரித்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சாம்பல் சேலை ஞாபகம் வந்தது. அதுவரை எங்கே போயிருந்தது?

செப்டம்பர் 20, ஞாயிறு
பீடத்துணியில் ஒரு சுருக்கம் இல்லை. நன்மை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். கையை நீட்டினேன்.