ஏல மூட்டைக்குப் பின்னால் இருந்த சுவர்

போடிநாயக்கனூர்
ஆடி வெள்ளி

அன்பு மகள் சுசித்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஈஸ்வரும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாரல் பிடித்துவிட்டது, போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் விடிந்த பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஏறுகின்றன. போனிலேயே பேசலாம், ஆனால் நான் போனை எடுத்து முதல் வாக்கியம் முடிவதற்குள் உன் அம்மா அதை வாங்கிவிடுகிறாள், அதற்குப் பிறகு நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவன். ஆகவே கடிதம். இதையும் அவள்தான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள், அதனால் அவளைப் பற்றி இதில் நல்லதாகவே எழுதியிருக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீடு வாங்குகிறவருக்காக அந்த வீட்டைக் கூரையிலிருந்து சாக்கடை வரை சோதித்து எழுதிக் கொடுக்கிற உன் தொழிலில் வருடா வருடம் ஒரு பெரிய மாநாடு நடக்கிறது, அதற்கு விமானம் ஏறிப் போய் ஓட்டலில் தங்க வேண்டும், லைசென்ஸைப் புதுப்பிக்கத் தேவையான வகுப்புகளை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், போகவா வேண்டாமா அப்பா என்று கேட்டிருந்தாய். இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். இதையே போன மாதம் கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் வந்திருக்கும். ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த ஊரில் யார் பழைய வீடு வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், அதற்காக நான் எந்த மாநாட்டுக்கும் போனதில்லை. சாவியால் சுவரைத் தட்டிப் பார்ப்பேன், தரையில் கோலிக்குண்டை உருட்டிவிடுவேன், பிறகு ஒவ்வொரு அறையின் மூலையிலும் நின்று மூச்சை இழுப்பேன். சுவரில் ஈரம் ஏறி ஓதம் கண்டிருந்தால் எத்தனை கோட்டிங் பெயிண்ட் அடித்திருந்தாலும் என் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஓவர்சியர் மோந்து பார்த்த வீடு என்று சொன்னால் தரகர்கள் பேரம் பேசாமல் நின்ற காலம் உண்டு. அந்தக் காலம் போன மாதம் வரை இருந்தது.

ஜெகதீஷை உனக்கு நினைவிருக்கும், நீ படித்த இன்ஜினியரிங் கல்லூரியில் உனக்குப் பின்னால் படித்த பையன், திண்டுக்கல்லிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்துத் தங்கிவிட்டவன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வீட்டுப் பரிசோதனை நிலையம் என்று போர்டு வைத்திருக்கிறான். அவன் சித்திரை மாதம் கோயம்புத்தூரில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தான். மாநாடு கோயம்புத்தூரிலேயே முடிந்துவிட்டது, ஆனால் அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட பட்டை மட்டும் போடியில் பல நாள் நடந்தது. டீக்கடைச் சோலை என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, ஜெகதீசு கழுத்துல பட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு டீக் குடிக்க வந்தான், நான் ஏதோ எஸ்டேட்டு ஆபீசருன்னு எந்திரிச்சு நின்னுட்டேன்” என்றான். நான் முப்பது வருடமாக அந்தக் கடையில் டீக் குடிக்கிறேன், சோலை எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. மாநாட்டில் கொடுத்த சான்றிதழை ஜெகதீஷ் தேக்குச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறான். அந்த வழியாகப் போக வேண்டிய சோலி எனக்கு அடிக்கடி இருந்ததால் பார்க்க நேர்ந்தது. எனக்கு ஓய்வு நாளில் சால்வை போர்த்தின போட்டோவுக்கு நம் வீட்டில் பிளாஸ்டிக் சட்டம்தான், அதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. பொறாமை என்று நினைத்துவிடாதே. அந்தத் தேக்குச் சட்டம் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஒரு இன்ஜினியர் அப்படி மாட்டலாமா என்பதுதான் என் கவலை.

இனி உன் சின்ராசு மாமா வீட்டு விஷயம். அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், அவள் சொன்னது அவள் பக்கம். மாமா வாழ்நாள் முழுக்க மலையில் ஏலத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு கீழே வந்து ஒரு வீட்டில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறான். மலையடிவாரத்தில் வாய்க்காலை ஒட்டி ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது, விற்கிறவர் ஒரு ஏலக்காய் வியாபாரி. மச்சான் பார்த்துச் சரி என்றால் சரி என்று என்னைக் கூட்டிப்போனான். தட்டினேன், உருட்டினேன், முன்கட்டில் குறை இல்லை. வாய்க்கால் பக்கத்துப் பின்னறைமேல்தான் எனக்குச் சந்தேகம். கதவைத் திறந்தால் உள்ளே சுவர் ஓரமாக ஏலக்காய் மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன, அறை முழுக்கக் கமகமவென்று வாசம். நான் நின்ற இடத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டேன். நீ இந்த ஊர்ப் பெண், உனக்கே தெரியும், ஈரம் பட்டால் காய் நிறம் போய்ப் பூஞ்சை பிடிக்கும், சொந்தப் பிள்ளையை ஈர அறையில் படுக்க வைக்கிற வியாபாரி இருந்தாலும் இருப்பான், ஏலத்தை வைக்கிற வியாபாரி இருக்க மாட்டான். மூட்டையை நகர்த்திப் பார்த்தாயா என்று கேட்பாய். அடுத்தவர் ஏல மூட்டையில் விலை பேசாமல் கை வைக்கிறவனை இந்த ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதும் உனக்குத் தெரியும். மரியாதையாக வெளியே வந்து, “மாப்ளே, ஏலமே கெடாம கெடக்குது, நீ கெடந்தா கெட்டுப் போயிருவயா, வாங்கிப் போடு” என்றேன். அந்த வாக்கியம் நன்றாக இருந்ததாக அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது ஊரில் அதை எனக்கே சொல்லிக் காட்டுகிறார்கள்.

மாமா வீட்டில் உன் பொன்னுமணி அத்தை எனக்குச் சொல்லாமல் மறுநாள் ஜெகதீஷைக் கூட்டிப்போயிருக்கிறாள். அவன் வெளியூர்க்காரன், மூட்டையும் அவனுக்கு ஒன்றுதான் முட்டுக்கட்டையும் ஒன்றுதான். நேராகப் பின்னறைக்குப் போய் மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் ஒரு கருவியை வைத்திருக்கிறான், அது சுவரின் ஈரத்தைப் படிக்கிற கருவி, நீயும் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். மூட்டை மறைத்திருந்த உயரத்துக்குச் சுவர் ஊறிப் போய் உப்புப் பூத்துக் கிடந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் பூச்சு உதிர்கிறது. மூட்டைகளில் மேலே இரண்டு கை காய், கீழே முழுக்க ஏலத் தோல். நாங்கள் பார்க்க வருகிறோம் என்றதும் அன்றைக்குக் காலையில்தான் ஜீப்பில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவன் எப்படி யோசிப்பான், எதில் கை வைக்க மாட்டான் என்று தெரிந்த ஒருவன்தான் இதைச் செய்ய முடியும், அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். வாய்க்கால் தண்ணீர் அடித்தளத்தில் இறங்குகிறதாம், வாங்கியிருந்தால் மாமா சேர்த்ததெல்லாம் அந்தச் சுவரை இடித்துக் கட்டியே தீர்ந்திருக்கும்.

மாமா தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம், இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் செய்தி எனக்கு மாமா வாயிலிருந்து வரவில்லை, சோலை கடையில் வந்தது. மாமா பிறகு ஒரு பை மிளகைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றான், “தப்பா எடுத்துக்கிறாதீக மச்சான், எதுக்கும் இருக்கட்டும்னு அவதான் இன்னொரு ஆளக் கூப்பிட்டா” என்றான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மிளகை எடுத்துக்கொண்டேன். உன் அம்மா உள்ளே இருந்தபடியே, “இவுக மூக்குக்குத் தனியா ஒரு மாநாடு வைக்கணும்” என்றாள். அதற்குப் பிறகு என்னை வீடு பார்க்க யாரும் கூப்பிடவில்லை. நான் நடக்கப் போகிற பாதையில் ஜெகதீஷ் பைக்கில் போகிறான், பின்னால் எப்போதும் யாராவது ஒரு வீடு வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் இரண்டு பேர் எனக்குக் கைகூட ஆட்டினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் நம் வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மா அவனுக்கு முறுக்கு வைத்தாள், எனக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒளித்து வைத்திருந்த முறுக்கு. மாநாட்டில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாதவன், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மேடையில் பேசியது பாதி தூக்கம், பாதி ஆளுக்கு ஆள் பொன்னாடை, கருவி விற்கிறவர்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் என்றான். பிறகு, “ஆனா மத்தியானம் சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னால ஒரு கொச்சிக்காரரு நின்னாரு அய்யா. அவுக பக்கம் வீட்ட விக்கிறவுக காப்பிக்கொட்டைய வறுத்து வச்சுருவாகளாம். எந்த ரூம்புல வாசம் நல்லா வருதோ அங்க மொதல்ல கருவிய வையின்னாரு. அதத்தான் செஞ்சேன்” என்றான்.

அதைக் கேட்டதும் நான் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். ஏனென்றால் போன வருடம் நீ ஏதோ ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னாய், அங்கே வீட்டைக் காட்டுகிற அன்றைக்கு அடுப்பில் ரொட்டி சுட்டு வாசம் வரவைத்து ஈர நாற்றத்தை மறைக்கிறார்கள், கவனமாக இருக்கச் சொன்னார்கள் அப்பா என்று. நான் அதை எடுத்துப்போய்ச் சோலை கடையில், கனடாவில் வீடு விற்கிறவன் ரொட்டி சுடுகிறானாம் என்று சிரிப்பதற்குக் கொடுத்துவிட்டேன். பாடம் கடல் தாண்டி என் காதுக்கே வந்தது, இலவசமாக. அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் அந்த ஏல வியாபாரியும் இருந்தாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜெகதீஷ் வந்த காரணம் வேறு. அடுத்த மாநாடு மதுரையில், அதில் அவனைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். இந்த மூட்டை விஷயத்தைத்தான் சொல்லப் போகிறானாம். “ஒங்க பேரச் சொல்ல மாட்டேன் அய்யா, போடியில ஒரு பெரியவருன்னு மட்டும் சொல்லிக்கிறேன், ஒங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றான். மரியாதையான பையன், அதனால்தான் தாங்க முடியவில்லை. யோசித்துப் பார், ஏமாந்தது நான், அந்த வாசத்தில் நின்று மனசுக்குள் கணக்குப் போட்டது நான், அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று அவனுக்கு என்ன தெரியும், ஏலத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள சம்பந்தமே அவனுக்கு நான் சொல்லித்தான் புரிந்தது. என் தவறை இன்னொருவன் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதா? அதுவும் என் பெயர் இல்லாமலா? நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவன் சந்தோஷப்பட்டுவிட்டான், அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாம் இரண்டு பேருமாகப் பேசலாம் என்று அங்கேயே போனில் கேட்டுப் பெயரும் கொடுத்துவிட்டான். உன் அம்மா, “அங்கயும் போயி மோந்து பாத்துட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டாள்.

ஆகவே என் பதில், போ. மாப்பிள்ளை சொல்வதும் சரிதான், வகுப்பைக் கம்ப்யூட்டரில் முடிக்கலாம், சட்டதிட்டம் மாறியதை அதிலேயே படித்துக்கொள்ளலாம், லைசென்ஸுக்கு அது போதும். ஆனால் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு வரிசை கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் வீடு விற்கிறவன் அந்த ஊர்க்காரனை ஏமாற்ற ஒரு வழி வைத்திருக்கிறான், அந்த ஊர்க்காரன் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது, வேறு ஊரிலிருந்து வந்த ஒருவன் சோற்றுத் தட்டோடு நிற்கும்போது சொன்னால்தான் உண்டு. வருடா வருடம் போக வேண்டும் என்று சொல்லவில்லை, மேடை எதிரே முதல் வரிசையில் போய் உட்காரவும் வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் மட்டும் வெரசாகப் போய்விடாதே, கடைசியில் நில், முன்னால் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடு. நம் மூட்டைக் கதையையும் அவர்களுக்குச் சொல். ஏமாந்தவர் யார் என்று கேட்டால் போடிநாயக்கனூர் ஓவர்சியர் வீரணன், என் அப்பா என்று பெயரோடு சொல். மதுரை மாநாடு தை மாதம், உன்னுடையது அதற்கு முன்னால் வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன், ஜெகதீஷ் இன்னும் கவனிக்கவில்லை.

சின்ராசு மாமா தேவாரம் ரோட்டில் வேறொரு வீடு பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டான், ஜெகதீஷையும் கூப்பிட்டான். என்னை முதலில் கூப்பிட்டதாகத் தெரிகிறது, அத்தையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தக் கருவியை ஜெகதீஷ் ஒரு தடவை என் கையில் கொடுத்தான், நல்ல கனம், திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

நீ ஏறுகிற கூரையெல்லாம் உன்னைத் தாங்கட்டும், நீ தட்டுகிற சுவரெல்லாம் உனக்கு உண்மை சொல்லட்டும். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். குளிரில் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ ஆத்தா. பெயர் கொடுத்ததும் ஒரு வார்த்தை சொல், போனை நானே எடுக்கிறேன். மாநாட்டில் கழுத்தில் மாட்டிவிடுகிற பட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிடாமல் ஊருக்கு வரும்போது கொண்டா, ஜெகதீஷ் வந்து உட்காருகிற நாற்காலிக்கு எதிரில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன், நேராகத்தான் அடித்திருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
வீரணன்