உறை பிரிக்காத பென் டிரைவ்

இன்று காலை பிரிண்டர் மையைத் தேடி மேசை இழுப்பறையைத் துழாவியபோது, உனக்காக நான் வாங்கிவந்த பென் டிரைவ் கையில் சிக்கியது. பிளாஸ்டிக் உறையைக்கூட நீ பிரிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்தவளிடம் கோபப்படலாமா என்று கேட்காதே. படுவேன்.

எரியோடு ஊரில் நாம் இருவரும் இந்தக் கணினி மையத்தைத் திறந்த நாளிலிருந்து நீ அகராதி எழுதிக்கொண்டிருந்தாய். ரவுட்டர், சர்வர், ஹாட்ஸ்பாட் என்று வருகிறவர்கள் வாயில் புரளும் சொற்களுக்கெல்லாம் தமிழில் விளக்கம். அச்சடித்து அகரம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். பட்டா நகலுக்கு வருகிறவரைக்கூட உட்காரவைத்துப் படித்துக் காட்டுவாய். தலையாட்டினால் போதாது, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதுவாய். வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குஜிலியம்பாறைப் பெரியவர் ஒருநாள், "வைஃபை முழுசா காட்டுது தாயி, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று புலம்பினார்.

"அது வெறும் குழாய்யா. குழா இருந்தா தண்ணி வந்துருமா?" என்றாய்.

"எங்க தெருக் குழா கணக்கா!" என்று அவர் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. வைஃபைக்கு அதையே விளக்கமாக எழுதிக்கொண்டாய்.

இத்தனையும் ஒரே மடிக்கணினியில். இன்னொரு பிரதி எடு என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன்? "இருடி, முடிச்சிட்டு மொத்தமா எடுத்துக்கலாம். இன்னும் கொஞ்சந்தான்" என்பாய். "பேக்கப்: தொலைந்தபின் தேடுவதல்ல, தொலையும் முன் இன்னொன்று வைப்பது." இதை எழுதியவளும் நீதான்!

காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. அடுத்த மாதமே மடிக்கணினியும் படுத்துவிட்டது. திண்டுக்கல்லில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. "டிஸ்க்கே போச்சுக்கா, ஒண்ணும் எடுக்க முடியாது" என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

இப்போது நானே எழுதுகிறேன். "அவ உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். பெரியவருக்குக் குழாய் மறக்கவில்லை. சர்வருக்கு நீ சொன்னதுதான் யாருக்கும் நினைவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் காதில் வாங்கவில்லை. அந்த ஆத்திரம் உன்மேல் இல்லை, என்மேல்.

காலையிலேயே உறையைக் கிழித்து, இதுவரை தேறியதைப் பென் டிரைவில் ஏற்றினேன். மாலையில் இரண்டு விளக்கங்களைத் திருத்தி மறுபடி ஏற்றும்போது, இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கவா என்று கணினி கேட்டது. நீயாக இருந்தால் யோசிக்காமல் அழித்திருப்பாய். நான் இரண்டும் இருக்கட்டும் என்று அழுத்திவிட்டு ஷட்டரை இறக்கினேன். உன் வரி ஒன்றைக்கூட இனி என்னால் அழிக்க முடியாதடி.