ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசும் நலம் என்று அடுத்த வரி எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு பாதியில் அறுந்துபோனதும் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துத் தவித்திருப்பாய். அப்பா பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்து, எல்லாரும் சௌக்கியம், விவரம் அம்மா எழுதுவாள் என்று உனக்குச் செய்தி அனுப்பிவிட்டு வந்தார். அந்த விவரத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. நீ முன்னால் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்து எஞ்சினியர் பெண் இருக்கிறாளே, அவளும் நீ பேசப்போகிற அந்தப் பெரிய கூட்டத்துக்கு வருகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ பேச எழுந்திருப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு, தள்ளிப்போடாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் இஸ்திரி போடும்போது உட்கார்ந்து போடுங்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார், உட்கார்ந்தால் மடிப்பு சரியாக விழாதாம். நர்ஸுகள் விடுதியிலிருந்து விரிப்புகளெல்லாம் இப்போது நம் சலவைக்குத்தான் வருகின்றன, மாடியில் கொடி போதாமல் இன்னும் இரண்டு கம்பம் நட்டிருக்கிறோம். உன் தங்கை வேலை மாறிவிட்டாள், புது ஆபீசில் நாற்காலி நன்றாக இருக்கிறது என்கிறாள், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அங்கே குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, ஆபீஸ் மேஜையிலேயே சாப்பிட்டு முடிக்காதே. சரி, சுற்றி வளைத்தது போதும், எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் நீ ஒன்று சொல்லிச் சிரிப்பாயே, நம் மலைக்குப் பின்னால், வானத்து ரேடியோ அலையைக் கேட்பதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற அந்தப் பெரிய தட்டுகளில் யாரோ வந்து இரைச்சல் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று. யாரோ ஒரு புண்ணியவான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா தவறாம வந்து எங்க காதுல கத்திட்டுப் போறாரும்மா, வேற வேலையே இல்ல போலன்னு நீ சொல்வாய். அவன் நாசமாப் போக, அவன் வீட்டு விளக்கெல்லாம் அணைஞ்சு போக என்று நானும் இங்கிருந்து வாயார வாழ்த்துவேன். அந்தப் புண்ணியவான் வேறு யாருமில்லை கண்ணா, உன்னைப் பெற்றவள்தான். எழுதிவிட்டேன். எழுதின வரியை நானே திரும்பப் பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நம் தெருவில் போனுக்குச் சிக்னல் எடுக்காது, உனக்குத் தெரியும். நீ பேசினால் பாதி வார்த்தை வரும், பாதி வராது, நான் ஆங், ஆங் என்று கத்திக்கொண்டு இருப்பேன், நீ ஒண்ணுமில்லம்மா விடு என்பாய். பிள்ளை தூரதேசத்தில் இருந்து வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறான், அதில் பாதி பேச்சு விடு என்று போனால் எப்படி இருக்கும்? போன் ரிப்பேர் கடைக்காரனிடம் புலம்பினேன். ஆன்ட்டி, இந்தப் பெட்டிய மாட்டிட்டீங்கன்னா பையன் பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி கேக்கும், மேல ஒரு குச்சி, கீழ ஒரு குச்சி, அவ்ளோதான்னு சொன்னான். அப்பா, பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டலாமே, அவன் பொழப்பே இதுதானேன்னு சொன்னார். எல்லாத்துக்கும் அவனைக் கேக்கணுமா, குரல் தெளிவா கேட்டதும் அவனே ஆச்சரியப்படட்டும் என்று நான்தான் வாயை அடைத்தேன். மேல் குச்சியைத் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டினேன். கீழ்க் குச்சியை வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சுவரில் ஓட்டை போடவேண்டும், வெள்ளையடித்த சுவர், யாருக்கு மனசு வரும்? கம்பத்துக்கு நேர் கீழே, நான் உன்னோடு பேசுகிற ஜன்னலோரத்திலேயே வைத்துவிட்டேன். கரண்ட் வீணாகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் போடுவேன். உன் குரல் அப்படியே வந்தது கண்ணா. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. என்னம்மா, லைன் இப்போ நல்லா இருக்கேன்னு நீகூட ஒரு நாள் கேட்டாய், நல்ல காலம் பொறந்திருக்குடா என்று நான் பூசி மெழுகினேன்.

போன ஞாயிறு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டினார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்த் திறந்தேன், எஞ்சினியர் பெண் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் தலையில் ஆன்டெனா வைத்த வேன். அவள் கையில் இருந்த கருவி என் பக்கம் திரும்பியதும் கீ கீ என்று அடித்துக்கொண்டது. அம்மா, வீட்டுல சிக்னல் பூஸ்டர் ஏதாவது மாட்டியிருக்கீங்களான்னு கேட்டாள். உன் குரல் என் காதுக்குள்ளே அம்மா, யாரும்மா வந்திருக்காங்கன்னு கேட்கிறது. நான் நேராக உள்ளே போய் ஸ்விட்சை அணைத்தேன். அந்த நிமிஷம் நீயும் போய்விட்டாய், அவள் கையில் இருந்த கருவியும் வாயை மூடியது. கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா கீச்சுன்னு கத்துமே, உங்க ரெண்டு குச்சியும் அப்படித்தான் ஒண்ணையொண்ணு கேட்டுக் கத்தியிருக்குன்னு பொறுமையாக விளக்கினாள். உலக நாடுகளெல்லாம் உட்கார்ந்து இது போனுக்கு, இது விமானத்துக்கு, இது டிவிக்கு என்று ரேடியோ அலையைப் பாகம் பிரிக்கும்போது, வானத்திலிருந்து வருகிறதைக் கேட்பதற்கென்று யாரும் வாய் திறக்கக் கூடாத ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தத் துண்டில்தான் நம் வீட்டுப் பெட்டி கத்தியிருக்கிறது. இதையெல்லாம் நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், நானே கடைக்கு வருகிறவர்களிடம் என் பையன் வேலை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். பூமி அப்படியே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

இதோடு போனால் பரவாயில்லை. இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு அந்த வேன் நம் தெருவில் முதல் தடவை வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிள்ளை இந்த வேலையில் இருக்கிறானே, வாசலில் நின்றுகொண்டு, வெல்டிங் பொறிக்குக்கூட ரேடியோ இரையும், அந்த ஷெட்டைப் போய்ப் பாருங்க என்று பக்கத்து வெல்டிங் தம்பியின் பட்டறையை நான்தான் கையை நீட்டிக் காட்டினேன். அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்தினான். இரைச்சல் நிற்கவில்லை. எஞ்சினியர் பெண்ணுக்கு அவன் இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது, ஆனால் தெருவுக்கு அவன்தான் என்று ஆகிவிட்டது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளுக்குள்ள பத்த வெக்கிறான்னு மளிகைக்கடையில் சொன்னவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கேட் செய்கிற வேலையை அவனிடமிருந்து எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் நாக்கை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

எஞ்சினியர் பெண் நல்லவள், உன்மேல் மரியாதை உள்ளவள். கூட்டத்தில் நீ காட்டப்போகிற, இந்த இரைச்சலைக் கோடாகப் போட்ட படத்தின் கீழே, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றுதான் இப்போது எழுதியிருக்கிறதாம். அது அப்படியே இருக்கட்டும்மா, பெட்டியத்தான் எடுத்தாச்சே, உங்க வீடுன்னு தெரிஞ்சா அங்க எதிர்ல நிக்கிற போன் கம்பெனி ஆளுங்க அண்ணனைக் கிண்டல் பண்ணியே வாயை அடைச்சிடுவாங்கன்னு சொன்னாள். மக்கள் வீட்டில் வைத்திருக்கிற சாமான்களால் உங்கள் தட்டுகளுக்கு ஒரு தொந்தரவும் வராது, அதனால் அந்த ஒதுக்கின துண்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற இடத்தை எங்களுக்கு இடைவெளி விடாமல் கொடுங்கள் என்று போன் கம்பெனிகள் கேட்கின்றனவாமே, அதை நீ தடுக்க நிற்கிறபோது உன் வீட்டையே எடுத்து உன் முகத்தில் அடித்தால் நீ என்ன செய்வாய்? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே விட்டுடும்மா, உனக்குக் கோடிப் புண்ணியம் என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன். அப்பா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் வெல்டிங் தம்பியிடம் போனேன். நான்தான் தம்பி, என் வீட்டுப் பெட்டிதான், என்னை மன்னிச்சிடு என்று சொல்லி, நம் வீட்டை எழுத வேண்டாம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டதையும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று காதைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன், அவன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அக்கா, என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி, அவங்க பேப்பர்ல யாருன்னு தெரியலன்னு போட்டா தெருவுக்கு இன்னும் நான்தானேக்கான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். வீட்டுக்குத் திரும்பினால் அப்பா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார், இப்பவாவது நிலையத்துக்குப் போய்ச் சொல்லு என்றார். போட்டிருந்த புடவையோடு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் அந்தப் பெண்ணிடம், என் வீட்டை எழுதும்மா, கதவு எண்ணைப் போடு, நான் கையெழுத்துப் போடறேன் என்றேன். போட்டுவிட்டேன். வரும் வழியில் மளிகைக்கடையிலும் இறங்கி, நான்தான் என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜரிடமும் போய்ச் சொல்லியாயிற்று, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் மேஜையைப் பார்த்துச் சொன்னேன். கேட் வேலை தம்பிக்குத் திரும்பி வருமா என்று இன்னும் தெரியவில்லை.

ஆகவே கண்ணா, அந்தப் பெண் கொண்டு வருகிற படத்தின் கீழே இனி நம் வீடு இருக்கும். என்னால் உனக்கு இப்படி ஒரு நிலைமை. எனக்கு உன் வேலையைப் பற்றி என்ன தெரியும், ஆனாலும் ஒன்று தோன்றுகிறது, தப்பானால் விட்டுவிடு. எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, உன் வேலை என்ன என்று தெரியாதவளும் இல்லை, பிள்ளை குரல் கேட்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான், அதுக்கே அந்தத் தட்டுகளுக்குக் காது கேட்காமல் போயிற்று. உன் வீட்டிலேயே இப்படி என்றால் மற்ற வீடுகளில் எப்படி இருக்கும்? நல்லவர்களுக்கும் கை தவறும், அதற்காகத்தான் நடுவில் இடம் விடச் சொல்கிறேன் என்று நீ கேட்கலாமே. சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்து முடித்தபிறகு பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நினைத்தது நடக்கட்டும், நூறு வயது நன்றாக இரு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்று பேசுகிறேன், பஸ் சத்தத்தில் பாதி கேட்காது, பரவாயில்லை, விடு என்று மட்டும் சொல்லாதே, திரும்பச் சொல். கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போ, இஸ்திரிக்காரர் பிள்ளை கசங்கின சட்டையோடு நிற்கக் கூடாது. அங்கே யாராவது அது யார் வீடு என்று கேட்டால், ஏதோ ஒரு வீடு என்று சொல்லிவிடாதே, என் அம்மா வீடு என்று சொல். சொல்லும்போது தலை குனியாதே, இங்கே நான் குனிந்தாயிற்று, ஒரு குடும்பத்துக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் குரலுக்கு ஆசைப்பட்ட
அம்மா