புளி உடைக்கிற இடத்தில் ஓர் இங்கிலீஷ் நாவல்

மாரண்டஹள்ளி,
14.3.1986

அன்புள்ள சுகுணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சௌக்கியம். நாக்பூரில் வெயில் ஆரம்பித்திருக்கும், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இந்த வருஷம் புளி நல்ல காய்ப்பு. தீர்த்தம்மாளும் சென்னம்மாளும் ஒரு மாதமாக நம் கொல்லையில் புளி உடைக்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சுத் துணைக்காக, நீ பி.ஏ.வுக்குப் படித்துவிட்டு அலமாரியில் விட்டுப்போன அந்த இருநூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் நாவலைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முழுக்கக் கடிதங்களாகவே இருக்கிறதே, அதுதான். ஜவுளிக்காரர் மகள் கல்யாணமான தன் அக்காவுக்கு எழுதுகிறாள். அந்தக் குதிரை வண்டியும் அரக்கு முத்திரையும் இவர்களுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். நான் காபி குடித்து முடிப்பதற்குள் தீர்த்தம்மாள், "டீச்சரம்மா, அந்தப் புள்ள இன்னிக்கு என்னா எழுதிச்சி, சொல்லுங்க" என்கிறாள். "உக்காந்து எழுதிக்கிட்டே இருக்குதே, அக்கா வூட்டுக்கு வண்டி ஏறினா என்னா" என்று திட்டு வேறு. கையெழுத்துப் போடத் தெரியாதவளை இது எப்படிப் பிடித்துவைத்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அந்தப் பெண் எழுதுகிறாள், ஒரே ஒருத்திக்கு மட்டும் எழுதுகிறாள், அதனால்தானோ என்னவோ.

போன வாரம் கதையில் அவள் அண்ணன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினான். தீர்த்தம்மாளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, "அடுத்தவங்க லெட்டரப் பிரிக்கற கை வெளங்குமாங்க" என்றாள். அடுத்த கடிதத்தில் அந்தப் பெண், நான் நலம், எல்லோர் விருப்பமும் என் விருப்பம் என்று மட்டும் எழுதியிருந்தாள். சென்னம்மாள் புளியைக் கீழே போட்டுவிட்டு, "இது அந்தப் புள்ள பேச்சே இல்லீங்க, அண்ணங்காரன் படிப்பான்னு எழுதுது" என்றாள். நான்கூட அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. அப்பா வழக்கம்போலப் பிரித்து எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகப் படித்தார். பென்னாகரத்து வரனைப் பற்றி, உங்கள் எல்லோருக்கும் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், தீர்த்தம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னம்மாள் மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நம் வீட்டில் கடிதம் என்றாலே எல்லோருக்கும் பொது, அதில் தப்பு இருப்பதாக இத்தனை வருஷம் எனக்குத் தோன்றியதே இல்லை. நீ யாருக்கு எழுதினாய் சுகுணா?

வருகிற முப்பதாம் தேதி அவர்கள் வருகிறார்கள், அப்பா அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுவார். அதற்குள் எனக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம், என் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு எழுது, இதோடு ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன், நான் மட்டும்தான் பிரிப்பேன். உனக்கு உண்மையாகவே சம்மதம் என்றால் அதையும் எழுது, சந்தோஷப்படுவேன். இல்லையென்றால் அப்பாவிடம் பேசுவது என் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு, மோர் குடி, வெயிலில் குடை இல்லாமல் போகாதே. எங்கே இருந்தாலும் மனம் நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். நாவலில் இன்னும் எண்பது பக்கம் பாக்கி. முடிவைச் சொல்லச் சொல்லி இரண்டு பேரும் நச்சரிக்கிறார்கள். உன் கடிதம் வரட்டும், அப்புறம் படிக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
ராஜாமணி