வேனிலிருந்து தெரிந்த நீலத் தறப்பாள்

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு ஷிரோமி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் வேலை செய்யும் எங்கள் எல்லோரையும் பதுளைப் பக்கம் சுற்றிப்பார்க்க வேனில் கூட்டிப்போனார்கள். ஹாலிஎல தாண்டியதும் மலையைப் பார்த்து "சொர்க்கம்" என்றார்கள். நம் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள வளைவில் படம் எடுக்க நிறுத்தினார்கள். கீழே நம் லயத்து வீட்டு வரிசை தெரிந்தது.

"ஷிரோமி, அந்தா நீலமா தெரியிறது ஹோட்டல் ஸ்விமிங் பூலா?" என்று கூட வேலை செய்யும் ஸனா கேட்டாள்.

"எங்க வீட்டுக் கூரை. ஒழுகுதுன்னு தறப்பாள் போட்டிருக்கு."

அவள் போனை இறக்கிவிட்டாள்.

உங்களைப் பார்த்துவர அரைமணி நேரம் கேட்டேன். "நீர்வீழ்ச்சிக்கு லேட்டாகும்மா," என்றார் மேனேஜர். தேயிலையைப் படம் எடுக்க நேரம் இருந்தது; அதைப் பறிக்கிற அம்மாவைப் பார்க்க இல்லை. போகட்டும், நீர்வீழ்ச்சி அழகுதான்.

தறப்பாளின் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி கெவினைக் கல் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஏறாதீர்கள். கூரைக்குப் புதுத் தகரம் தருவதாகத் தோட்டத்து ஆபீஸில் சொல்லி எத்தனை மழை போய்விட்டது! தந்தால் உடனே மாற்றுங்கள். ஆனால் தறப்பாளை எறியாமல் கோழிக்கூட்டின் மேல் கட்டிவையுங்கள். அடுத்த முறையும் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர விடமாட்டார்கள். மேலேயிருந்து நம் வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு அது வேண்டும்.

கடை திறந்துவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
ஷிரோமி