காட்டுக்கொட்டாய்ப் படல்

கற்றாழை நாரின் நாற்றம் காலையிலிருந்து என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பலும் போட்டுப் பார்த்துவிட்டேன். சோற்றில் கை வைத்ததும் அந்த நாற்றம்தான் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குப் படிக்கத் தெரியாது. நீ இருந்தபோது நான் எழுதியதையெல்லாம் நானே உனக்குப் படித்துக் காட்டுவேன். இப்போதும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் மேல்கொட்டாய்க்காரர்கள் பாதையை மறித்துப் படல் கட்டிவிட்டார்கள். சிமெண்ட் ரோடு முடிகிற இடத்தில், மூங்கில் பிளாச்சும் இலந்தை முள்ளும் வைத்து, புதுக் கற்றாழை நாரால் இறுக்கி. அவர்களுக்குத் தனி ஊராட்சி வேண்டுமாம். எங்களோடு இருக்க மாட்டார்களாம்.

"எங்களோடு" என்று எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் நீயும் இருந்தாய்.

அப்போது நாம் எல்லோருமே காட்டுக்கொட்டாய்க்காரர்கள்தானே. கல்வராயன் மலையடிவாரத்துக்கு நம் தாத்தாக்கள் ஏறிவந்து புதர் வெட்டி, கல் பொறுக்கி, மரவள்ளி நட்டார்கள். கீழ்கொட்டாயில் நான், ஓடைக்கு அந்தப் பக்கம் மேல்கொட்டாயில் நீ. நம் இரண்டு கொட்டாயையும் ஆண்டது கீழே இருந்த பெரிய ஊர். காடு என்று விரட்டியவர்கள் ஒரு பக்கம், புறம்போக்கு என்று பட்டா மறுத்தவர்கள் ஒரு பக்கம். ஓட்டு வாங்கும்போது மட்டும் நாம் அந்த ஊர் ஜனம், மற்ற நாளெல்லாம் அவர்கள் வாயில் காட்டுக்கொட்டாய்க்காரர்கள். குழாய் கேட்கப் போனபோது அந்த ஊர்த் தலைவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னது உனக்கு நினைவிருக்கும். "காட்டுல போயி குந்திக்கினு தண்ணி கேட்டா நான் இன்னா பண்றது? எறங்கி வாங்க, தரேன்."

வழியெல்லாம் நீ காறித் துப்பிக்கொண்டே வந்தாய். மறுநாள் கற்றாழை மட்டை ஊறிக்கொண்டிருந்த குழியைத் திறந்தாய். பத்துப் பதினைந்து நாள் அழுகிய மட்டை. நான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னாடி, மூக்க புடிச்சிக்கினு ஒரு கையில எப்பிடி முடிச்சி போடுவ?" என்று சிரித்தாய்.

இருவரும் நார் அடித்து அலசி, பாதையின் குறுக்கே படல் கட்டினோம். நமக்குத் தனி ஊராட்சி தரும்வரை எந்த அதிகாரியும் உள்ளே வரக்கூடாது, நாமும் ஓட்டுப் போடக்கூடாது. சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும் படல் திறக்கும் என்பது நீ சொன்ன சட்டம்.

முதல் நாளே என்னால் மானம் போனது. ஜீப் வந்தது. டிரைவர் இறங்கி, சாவகாசமாக முடிச்சை அவிழ்த்து, படலை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஏறிக்கொண்டார். ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டிப் பழகிய கை எனக்கு. ஆடு உள்ளே இருக்கும், கட்டுகிறவர்கள் வெளியே நிற்போம், முடிச்சு வெளியில்தான் விழும். அதே பழக்கத்தில், நம் ஊரையே பட்டி மாதிரி வெளிப்பக்கமிருந்து அடைத்து வைத்திருந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"நம்மள நாமளே ஆடுன்னு நெனச்சிக்கினு இருக்கறோம்டி. முடிச்ச உள்ள போடு."

உள்ளே போட்டோம். அதன் பிறகு வந்த ஜீப்பெல்லாம் படலுக்கு அந்தப் பக்கமே நின்றது. பெரிய ஊர்த் தலைவர் நம் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு நீ சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். 'காட்டில் கிடக்கும் ஏழைகளாகிய நாங்கள்' என்று ஆரம்பித்தேன். படித்துக் காட்டியதும் என் கையைத் தட்டிவிட்டாய். "கெடக்கறவங்கன்னு எழுதாத. இருக்கறவங்கன்னு எழுது."

ஒரு வழியாகத் தனி ஊராட்சி வந்தது. இரண்டு கொட்டாயும் சேர்ந்து ஓர் ஊர். படலை நீதான் அவிழ்த்தாய். பெண்களுக்கு ஒதுக்கிய தலைவர் இடத்துக்கு உன்னை நிற்கச் சொன்னார்கள். "எனுக்கு கையெழுத்து வராது, அவள நிறுத்துங்க. நான் சொல்றேன், அவ எழுதட்டும்" என்றாய். நான் ஜெயித்தேன். நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். சீல் அவர் சட்டைப் பையில் போனது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

ரோடு வந்தபோது அது எங்கள் மரவள்ளிக் காட்டோடு நின்றது. ஓடையைத் தாண்டவில்லை. கூட்டத்தில் நீ எழுந்து கேட்டாய். என் வீட்டுக்காரர் உன்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"கெழங்கு ஏத்த லாரி வரணும்ல? மேல எவன் லாரி வெச்சிருக்கான்? இந்தக் காட்டுக்கொட்டாய்க்காரங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் பத்தாது."

எந்தச் சொல்லைப் பெரிய ஊர்க்காரர்கள் நம் மேல் துப்பினார்களோ, அதே சொல். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் தலையைக் குனிந்து மினிட் புத்தகத்தில் தேதி எழுதினேன். என்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் குனிந்த தலைதான். சீ என்று இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ கூட்டத்துக்கு வரவில்லை. போன ஐப்பசி மழையில் தழை ஒடிக்கப் போன இடத்தில் உன்னை விரியன் கடித்தது. மூங்கிலில் தூளி கட்டி, சேற்றில் வழுக்கி வழுக்கி உன்னைத் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் எங்கள் காட்டோரம் நின்றது, அதற்கு மேல் அதற்கு வழியில்லை. சிமெண்ட் ரோட்டில் உன்னை இறக்கி வைத்தபோது உயிர் இல்லை. நான் ஓடி வந்தேன். உன் மகள் அஞ்சலை என்னைத் தொடவிடவில்லை. "உங்க ரோட்டுக்கு வந்து சேந்துட்டாங்க, போங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னைச் சின்னம்மா, நீ, வா என்று கூப்பிட்ட பெண்.

இன்று காலை ஊராட்சி செயலர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். போலீசுக்குப் புகார். 'காட்டுக்கொட்டாய்ப் பகுதியைச் சேர்ந்த சிலர் பொதுப்பாதையைச் சட்டவிரோதமாக மறித்து, அரசுப் பணிக்கு இடையூறு செய்து...' எங்கேயோ கேட்ட வாசகமாக இருந்தது.

"யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"பழைய ஃபைல்ல இருந்துச்சிங்க. உங்க மேல கொடுத்த புகாரு. பேர மட்டும் மாத்தினேன்" என்றார், நல்ல வேலை செய்தவர் போல.

அவரைத் திட்டி என்ன செய்ய? அவர் தாளில் பேரை மாற்றினார், நாங்கள் அதற்கு முன்பே பெரிய ஊர்க்காரர்களாக மாறிவிட்டோம். தாளை எடுத்துக்கொண்டு நடந்தே படலுக்குப் போனேன். கையை வைத்து அசைத்துப் பார்த்தேன். ஈரம் காயாத நார், அந்த நாற்றம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் அஞ்சலை நின்றாள். "சாவா, பிரசவமாங்க?" என்றாள்.

"நான்தான் அஞ்சலை."

"தெரியுதுங்க. அதான் கேக்கறேன்."

உன் சட்டத்தை எனக்கே சொன்னாள். அங்கேயே ஒரு பாறை மேல் தாளைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் எழுதினேன். அடுத்த கிராம சபையில் தலைவராகிய நானே கொண்டுவரும் தீர்மானம்: மேல்கொட்டாயில் இருக்கிறவர்களுக்குத் தனி ஊராட்சி வேண்டும். 'இருக்கிறவர்கள்' என்றுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு மூங்கில் இடுக்கில் நீட்டினேன். அஞ்சலை படித்தாள். முன்பக்கத்தையும் திருப்பிப் படித்தாள்.

"சீல் இல்லீங்களே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தேன். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சீலை எடுத்தேன். "உனுக்கு இன்னா பைத்தியமா? நாளைக்கு எவன் மதிப்பான் நம்மள?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சீலை என் கையால் அழுத்தினேன். அழுத்தத் தெரியாமல் மை பாதி இழுபட்டு, அசிங்கமாக விழுந்தது.

மறுபடி ஏறிப் போய்க் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டாள். சபையில் எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலேயே ஒரு கை உயராது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"படலு இருக்கட்டுங்க" என்றாள்.

போகத் திரும்பியவள் நான் நிற்பதைப் பார்த்து நின்றாள். என் கை பழைய பழக்கத்தில் படலைத் தடவி முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, நடுவில், எங்கேயும் அகப்படவில்லை.

உன் மகள் உள்பக்கம்தான் போட்டிருக்கிறாள்.